சுருள் இங்கே, தட்டு எங்கே: வைட்டாஃபோன் ஒலித்தட்டுகள் முதல் வரையறுக்கப்பட்ட டிவிடி பதிப்புகள் வரை

ஆய்வுச் சுருக்கம்

ஒரு திரைப்படம் பல தட்டுகளாகவோ வட்டுகளாகவோ பிரித்து வெளியிடப்படும்போது, அவற்றுள் ஒன்று விடுபட்டாலும் படைப்பின் முழுமை குலைகிறது. 1926-இல் அமெரிக்காவில் அறிமுகமான வைட்டாஃபோன் முறையில் ஒலித்தட்டுகள் தொலைந்த வரலாற்றையும், 2000-க்குப் பிந்தைய வரையறுக்கப்பட்ட டிவிடி பதிப்புகளில் வட்டுகள் விடுபடும் சிக்கலையும் இக்கட்டுரை இணைத்து நோக்குகிறது. வெளியிட்ட நிறுவனங்கள் தட்டை மாற்றத்தக்க உதிரிப்பொருளாகக் கருதின. சேகரிப்பாளர்கள் அதனை மாற்றில்லாத சான்றாகக் கருதினர். இவ்விரு பார்வைகளுக்கு இடையிலுள்ள முரணே சேகரிப்பாளர்தம் ஆதங்கத்தின் வேர் என்பது கட்டுரையின் வாதம்.

குறிச்சொற்கள்: வைட்டாஃபோன், ஒலித்தட்டு, பெட்டித் தொகுப்பு, சேகரிப்பாளர், திரைப்பட ஆவணக்காப்பு

முன்னுரை

விலை கொடுத்து வாங்கிய பெட்டித் தொகுப்பைத் திறக்கும் சேகரிப்பாளர், மூன்று வட்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டைக் காண்கிறார். அல்லது முதல் வட்டே இரு முறை வைக்கப்பட்டிருப்பதைக் காண்கிறார். பழைய புத்தகக் கடையிலோ ஏலத்திலோ வாங்கியவருக்கு இவ்வனுபவம் இன்னும் பொதுவானது. இதனை நுகர்வோர் குறைபாடாக மட்டும் எண்ணிக் கடந்துவிடுவது எளிது. திரைப்பட வரலாற்றை எழுதுவோரும் பெரும்பாலும் அவ்வாறே கடந்து சென்றுள்ளனர். சேகரிப்பாளர் என்னும் சொல்லுக்கே ஆய்வுலகில் சற்று ஏளனமான தொனி உண்டு. அரிய பொருளைப் பூட்டி வைத்துப் பெருமை கொள்பவர் என்னும் சித்திரமே முதலில் எழுகிறது.

ஆயினும் பேசும் படத்தின் தொடக்க கால வரலாற்றை நோக்கினால், தொலைந்த தட்டைக் குறித்த ஆதங்கமே அக்காலப் படங்கள் பலவற்றை மீட்டெடுத்தது என்பது தெளிவாகிறது. ஆகவே இன்றைய பெட்டியின் வெற்றிடத்தைப் புரிந்துகொள்ள, ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் திரையரங்குகளுக்குச் சென்ற பெட்டிகளிலிருந்து தொடங்குவது பொருந்தும். கட்டுரையில் அரக்காலான ஒலிப்பதிவுப் பொருள் 'தட்டு' எனவும், லேசர் கதிரால் படிக்கப்படுவது 'வட்டு' எனவும் குறிக்கப்படுகின்றன.

சுருளும் தட்டும்

படத்தையும் ஒலியையும் தனித்தனிப் பொருள்களில் பதிந்து சேர்த்து இயக்கும் முயற்சி வைட்டாஃபோனுக்கு முந்தியது. எடிசனின் நியூ ஜெர்சி ஆய்வுக்கூடத்தில் 1894-ஆம் ஆண்டு இறுதியிலோ 1895-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலோ வில்லியம் டிக்சன் வயலின் வாசிக்கும் சிறு காட்சி படமாக்கப்பட்டது. அதன் ஒலி மெழுகு உருளை ஒன்றில் பதிவாயிற்று. படம் ஒரு வழியிலும் உருளை வேறொரு வழியிலும் பாதுகாக்கப்பட்டன. உருளையோ உடைந்த நிலையில் கிடைத்தது. 1998-இல் அது சீரமைக்கப்பட்டு, 2000-இல் திரைப்படத் தொகுப்பாளர் வால்டர் மர்ச் இரண்டையும் ஒத்திசைத்த பின்னரே, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஊமையாக இருந்த அக்காட்சி ஒலி பெற்றது. ஒரே படைப்பின் இரு பாதிகள் வெவ்வேறு அலமாரிகளில் கிடப்பதென்பது பேசும் படத்துடன் கூடவே பிறந்த சிக்கல் என்பதற்கு இது சான்று.

இச்சிக்கலை வணிக அளவில் விரித்தது வைட்டாஃபோன். வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் 1926 ஆகஸ்ட் 6 அன்று நியூயார்க்கில் 'டான் ஜுவான்' படத்தை ஒத்திசைந்த இசையுடன் திரையிட்டது. 1927 அக்டோபர் 6 அன்று வெளியான 'தி ஜாஸ் சிங்கர்' இம்முறையின் பெரும் வெற்றி. படச்சுருளில் ஒலித்தடம் எதுவும் இல்லை. ஒவ்வொரு சுருளுக்கும் 16 அங்குல விட்டமுள்ள அரக்குத் தட்டு ஒன்று தனியே அனுப்பப்பட்டது. 1000 அடி நீளச் சுருள் நிமிடத்திற்கு 90 அடி வீதம் ஓடினால் ஏறத்தாழ 11 நிமிடங்கள் ஆகும். அக்கால வீட்டுக் கிராமபோன் தட்டு, நிமிடத்திற்கு 78 சுற்றுகள் சுழன்று, சில நிமிடங்களிலேயே முடிந்துவிடும். எனவே தட்டின் விட்டம் பெரிதாக்கப்பட்டு, வேகம் நிமிடத்திற்கு 33⅓ சுற்றுகளாகக் குறைக்கப்பட்டது. முள் உள்வட்டத்தில் தொடங்கி வெளிவிளிம்பு நோக்கி நகர்ந்தது. தட்டில் குறிக்கப்பட்ட தொடக்க இடத்தில் முள்ளையும், சுருளில் குறிக்கப்பட்ட தொடக்கச் சட்டகத்தைப் புரொஜெக்டரின் வாயிலிலும் ஆபரேட்டர் பொருத்தி வைத்த பிறகே இயந்திரம் ஓடும்.

இந்த ஏற்பாட்டில் பிழைக்கு இடம் மிகுதி. முள் ஒரு பள்ளம் தாவினால் அச்சுருள் முடியும்வரை உதடும் சொல்லும் பிரிந்தே செல்லும். படச்சுருள் அறுந்தால், சேதமுற்ற சட்டகங்களை நீக்கி வெறுமனே ஒட்டிவிட முடியாது; நீக்கியவற்றின் எண்ணிக்கைக்கு ஈடாகக் கறுப்புச் சட்டகங்களைச் சேர்த்தாக வேண்டும். ஐந்தாம் சுருளுக்கு ஆறாம் தட்டை வைத்துவிட்டால் நேரும் குழப்பத்தைச் சொல்ல வேண்டியதில்லை. 1952-இல் வந்த 'சிங்கிங் இன் தி ரெய்ன்' படத்தில் முன்னோட்டக் காட்சியின்போது நாயகியின் வாயிலிருந்து ஆண்குரல் ஒலிக்கும் நகைச்சுவைக் காட்சி, அத்தலைமுறைத் திரையரங்குகள் அறிந்திருந்த அச்சத்தின் எதிரொலியே.

தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பொருள்

வைட்டாஃபோன் தட்டின் நடுத்தாளில் சிறு கட்டங்கள் அச்சிடப்பட்டிருந்தன. ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகும் ஆபரேட்டர் ஒரு கட்டத்தில் குறியிட வேண்டும். எஃகு முள் அரக்கைத் தேய்த்துவிடும் என்பதால், ஏறத்தாழ 20 முறை ஓட்டிய தட்டு கழிக்கப்பட்டுப் புதியது பயன்படுத்தப்பட்டது. தட்டின் ஆயுள் அதன் முகத்திலேயே எழுதப்பட்டிருந்தது எனலாம்.

இக்கட்டங்கள் கூர்ந்து நோக்கத்தக்கவை. வெளியிட்ட நிறுவனத்தின் கணக்கில் படச்சுருள் திரும்பப் பெற வேண்டிய உடைமை. தட்டு தேய்ந்ததும் எறியத்தக்க நுகர்பொருள். ஆனால் படைப்பின் நிலையில் இவ்வேறுபாட்டிற்குப் பொருளில்லை. உரையாடலும் பாட்டும் தட்டில்தான் இருந்தன. ஒரு பேசும் படத்தின் பேச்சையே 20 முறைக்குப் பின் குப்பையில் இடுவதற்கான நடைமுறை விதியாக அந்நடுத்தாள் அமைந்தது. புதிய தட்டு தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டிருந்தவரை இதில் இழப்பு எதுவும் தெரியவில்லை. அச்சிடுதல் நின்ற நாளிலிருந்துதான் ஒவ்வொரு தட்டும் எண்ணத்தக்க பொருளாயிற்று.

அந்நாள் விரைவிலேயே வந்தது. ஃபாக்ஸ் நிறுவனத்தின் மூவிடோன் முறையும் ஆர்.சி.ஏ. ஃபோட்டோஃபோன் முறையும் ஒலியைப் படச்சுருளின் ஓரத்திலேயே ஒளித்தடமாகப் பதித்தன. அறுந்தாலும் ஒட்டினாலும் ஒலியும் படமும் சேர்ந்தே இருக்கும் என்பது அவற்றின் வலிமை. 1930-களின் தொடக்கத்திற்குள் வார்னர் நிறுவனமும் தட்டில் நேரடியாகப் பதிவதைக் கைவிட்டது. தட்டு இயந்திரங்களில் முதலீடு செய்திருந்த திரையரங்குகளுக்காக மட்டும் 1930-களின் நடுப்பகுதிவரை தட்டுகள் அனுப்பப்பட்டன. ஆக, இழப்பின் முழுச்சுமையும் 1926 முதல் 1930 வரையிலான படங்கள் மீதே விழுந்தது. திரைப்படம் பேசக் கற்ற அந்த நான்கைந்து ஆண்டுகளே இன்று மிகுதியும் ஊமையாகிக் கிடக்கின்றன.

இந்தியப் பேசும் படங்கள் இவ்வழியில் வரவில்லை. 1931-இல் 'ஆலம் ஆரா', 'காளிதாஸ்' முதலியன வெளிவந்தபோது ஒலி படச்சுருளிலேயே இடம்பெற்றது. எனவே அப்படங்களின் பிரதி அழிந்தபோது படமும் ஒலியும் ஒருங்கே அழிந்தன. தொடக்க காலத் தமிழ்ப்படங்களை ஆய்வோர் பாட்டுப் புத்தகங்களையும் தனியே விற்ற கிராமபோன் இசைத்தட்டுகளையும் நாட வேண்டியிருப்பது இதனால்தான். அத்தட்டுகள் படத்தின் உறுப்புகள் அல்ல, படத்தையொட்டிய வணிகப் பொருள்கள்; வைட்டாஃபோன் தட்டோடு அவற்றை ஒன்றாக எண்ணிவிடலாகாது.

இரு காப்பகங்களுக்கு இடையில்

வைட்டாஃபோன் தட்டுகள் அழிந்ததற்குத் தேய்மானம் மட்டுமே காரணமன்று. அவை எவருடைய பொறுப்பு என்பது தெளிவாக இல்லாமையும் பெருங்காரணம். திரைப்படக் காப்பகம் சுருளைப் பாதுகாக்கக் கட்டமைக்கப்பட்டது. அதன் அலமாரிகளில் 16 அங்குல அரக்குத் தட்டுக்கு இடமில்லை. இசைத்தட்டுச் சேகரிப்பாளரிடமோ அத்தட்டை இயக்கும் கருவி இல்லை. வீட்டுக் கிராமபோனின் சுழல்மேடையில் அது அடங்காது. அடங்கினாலும் 78 சுற்று வேகத்தில் கேட்கத்தக்க ஒலியைத் தராது. பழைய திரையரங்குகளின் மேல்தளங்களிலும், ஓய்வுபெற்ற ஆபரேட்டர்களின் வீடுகளிலும் பெயர் தெரியாத கனத்த தட்டுகளாகவே அவை தங்கின. படம் பார்ப்பவருக்கு அது இசைத்தட்டு. இசை கேட்பவருக்கு அது பயனற்ற தட்டு.

மறுபுறம், காப்பகங்களில் இருந்த சுருள்கள் ஊமைப்பட அட்டவணைக்குள் சென்றன. சில தவறான பெயரையும் பெற்றன. ஆல் ஜால்சன் மூன்று பாடல்களைப் பாடும் 'எ பிளான்டேஷன் ஆக்ட்' என்னும் 1926-ஆம் ஆண்டுக் குறும்படம் நெடுங்காலம் தொலைந்ததாகவே கருதப்பட்டது. அதன் ஒலியற்ற பிரதி அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் 'தி ஜாஸ் சிங்கர்' படத்தின் முன்னோட்டம் என்னும் தவறான பெயருடன் இருந்தது. பின்னர் கிடைத்த தட்டோ உடைந்து, கைத்திறனின்றி ஒட்டப்பட்டிருந்தது. அவ்வொட்டுகளின் சத்தத்தை எண்மமுறையில் நீக்கியே இன்று கேட்கும் ஒலி பெறப்பட்டது. ஜால்சன் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் முகப்பூச்சு ஒப்பனையில் தோன்றும் படம் இது என்பதையும் குறிப்பிட வேண்டும். அதனைப் பாதுகாத்ததன் பயன் கொண்டாட்டத்தில் இல்லை. 'தி ஜாஸ் சிங்கர்' படத்திற்கு ஓராண்டு முன்பே ஜால்சன் வைட்டாஃபோனில் பாடவும் பேசவும் செய்தார் என்பதை உறுதிசெய்யும் சான்றாக அது இருப்பதில்தான் உள்ளது.

தேடியவர்கள்

1991-இல் சேகரிப்பாளர் சிலர் கூடி வைட்டாஃபோன் திட்டம் என்னும் முயற்சியைத் தொடங்கினர். தொடங்கியவருள் ஒருவரான ரான் ஹட்சின்சன், 2019-இல் காலமாகும்வரை அதனை முன்னின்று நடத்தினார். அவர்கள் செய்த பணி விளக்குவதற்கு எளியது: எந்தத் தனியாரிடம் எந்தத் தட்டு உள்ளது என்று பட்டியலிட்டு, எந்தக் காப்பகத்தில் எந்தச் சுருள் உள்ளது என்னும் பட்டியலுடன் ஒப்பிட்டனர். இரண்டும் பொருந்தினால் மீட்டமைப்பிற்கு வழி பிறந்தது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் திரைப்படக் காப்பகம், நாடாளுமன்ற நூலகம், வார்னர் நிறுவனம் ஆகியவற்றின் ஒத்துழைப்புடன் நூற்றுக்கும் மேற்பட்ட குறும்படங்கள் இவ்வாறு ஒலி பெற்றன. இத்தாலியக் காப்பகம் ஒன்றில் இருந்த கொலீன் மூரின் 'வை பி குட்?' என்னும் 1929-ஆம் ஆண்டுப் படத்தின் பிரதி, அமெரிக்காவில் எஞ்சியிருந்த தட்டுகளுடன் சேர்க்கப்பட்டு 2014-இல் மீண்டும் திரைக்கு வந்தது.

இம்முயற்சியின் அறிவுசார் சிறப்பு ஒன்றைத் தனியே சுட்ட வேண்டும். காப்பகங்கள் தம்மிடம் இருப்பதைப் பட்டியலிடுகின்றன. சேகரிப்பாளர் தம்மிடம் இல்லாததைப் பட்டியலிடுகிறார். வரிசை எண்ணில் ஒன்று குறைவதைக் கண்டு உறுத்தல் கொள்ளும் மனநிலை வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் எட்டுச் சுருள்களுக்கு ஏழு தட்டுகளே உள்ளன என்பதைக் கவனிக்க அம்மனநிலையே தேவைப்பட்டது. பயிற்சி பெற்ற நூலகர்களும் காப்பாளர்களும் பல பத்தாண்டுகளாகக் கவனிக்காதது அது.

எல்லாத் தேடலும் இணைவில் முடியவில்லை. 1929-இல் இருவண்ண டெக்னிகலர் முறையில் வெளிவந்த 'கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் பிராட்வே' படத்தின் ஒலி தட்டுகளில் முழுமையாக எஞ்சியுள்ளது. படமோ இறுதிப் பகுதியும் சில துண்டுகளுமே கிடைத்துள்ளன. இங்கு விடுபட்டது தட்டன்று, சுருள்.

'கூடுதல்' என்னும் வட்டு

வீட்டுக்கு வந்த வட்டுகளின் காலத்திலும் பிரிப்பு தொடர்ந்தது. 1978 இறுதியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த லேசர் வட்டின் உயர்தர வகையில் ஒரு பக்கத்திற்கு 30 நிமிடப் படமே அடங்கியது. இரண்டு மணி நேரப் படத்திற்கு இரு வட்டுகள் வேண்டும். ஒன்று தொலைந்தால் கதையின் பாதி தொலையும். 1997-இல் அமெரிக்காவில் அறிமுகமான டிவிடியில் முழுப்படமும் பெரும்பாலும் ஒரே வட்டில் அடங்கிற்று. அதன்பின் விடுபட்ட வட்டின் பொருள் மாறியது. முதல் வட்டில் படம், பிற வட்டுகளில் 'கூடுதல்' என்னும் பகுப்பு நிலைத்தது. படம் ஓடுகிறதே, கூடுதல் வட்டு இல்லாவிட்டால் என்ன என்னும் கேள்வி இதனால் நியாயமானதுபோல் ஒலிக்கலாயிற்று.

இக்கேள்விக்கு இரண்டு தொகுப்புகள் விடை தருகின்றன. முதலாவது, 2006 செப்டம்பரில் வெளியிடப்பட்டு அவ்வாண்டு இறுதிவரை மட்டுமே விற்கப்படும் என அறிவிக்கப்பட்ட 'ஸ்டார் வார்ஸ்' இரு வட்டுப் பதிப்புகள். முதல் வட்டில் பிற்காலத்தில் மாற்றியமைக்கப்பட்ட வடிவம் இருந்தது. 1977, 1980, 1983 ஆகிய ஆண்டுகளில் மக்கள் திரையரங்கில் கண்ட வடிவங்கள், 1993-ஆம் ஆண்டு லேசர் வட்டுக்காக உருவாக்கிய பதிவிலிருந்து எடுக்கப்பட்டு, இரண்டாம் வட்டில் 'கூடுதல்' என்னும் பெயரில் வைக்கப்பட்டன. படத்தின் தரம் அக்கால டிவிடி அளவுக்கும் குறைவு என்ற குறை உடனே எழுந்தது. ஆயினும் வரலாற்று ஆய்வாளருக்கு வேண்டிய பாடம் இரண்டாம் வட்டில்தான் உள்ளது. அது விடுபட்ட பெட்டியில் எஞ்சுவது, 1977-இல் எவரும் பார்த்திராத ஒரு படம். சுவடிப் பதிப்பாசிரியருக்குப் பாடவேறுபாடு பின்னிணைப்பில் கிடைப்பதுபோன்ற நிலை இது; பின்னிணைப்பைக் கிழித்துவிட்டு நூல் முழுமையாக உள்ளது என்று சொல்ல இயலாது.

இரண்டாவது தொகுப்பு இவ்வரலாற்றோடு நேரடியாகத் தொடர்புடையது. 'தி ஜாஸ் சிங்கர்' படத்தின் 80-ஆம் ஆண்டையொட்டி 2007 அக்டோபரில் வார்னர் நிறுவனம் மூன்று வட்டுகள் கொண்ட சிறப்புப் பதிப்பை வெளியிட்டது. முதல் வட்டில் படமும், 'எ பிளான்டேஷன் ஆக்ட்' குறும்படமும், ஹட்சின்சனும் இசைக்குழுத் தலைவர் வின்ஸ் ஜியோர்டானோவும் வழங்கிய விளக்கவுரையும் இடம்பெற்றன. இரண்டாம் வட்டில் ஒலிப்படத் தோற்றம் பற்றிய ஆவணப்படமும் 'கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் பிராட்வே' படத்தின் எஞ்சிய பகுதிகளும் சேர்ந்தன. மூன்றாம் வட்டு முழுவதும் வைட்டாஃபோன் குறும்படங்கள், இருபதுக்கும் மேல். அதாவது மேல்தளங்களில் தேடிக் கண்டெடுத்து, சுருளுடன் இணைத்து மீட்டவற்றின் விளைச்சலே அம்மூன்றாம் வட்டு. ஒருமுறை தட்டு தொலைந்து ஊமையாகி, மீண்டும் வாய் திறந்த படங்கள், இப்போது பெட்டியிலிருந்து எளிதில் பிரியக்கூடிய இன்னொரு வட்டுக்குள் வந்து சேர்ந்தன.

ஈடும் இணையும்

வரையறுக்கப்பட்ட பதிப்பில் விடுபட்ட வட்டு ஏன் இத்தனை ஆதங்கத்தை எழுப்புகிறது என்பதற்குப் பொருளியல் காரணம் ஒன்றும் உண்டு. 2011-இல் தொடங்கி 2020-இல் மூடப்பட்ட டுவைலைட் டைம் என்னும் வெளியீட்டகம், பெரும்பாலான படங்களை 3,000 படிகள் என்னும் அளவிலேயே அச்சிட்டது. இவ்வாறு எண்ணிக்கை வரையறுக்கப்பட்டு, நிறுவனமும் மூடப்பட்ட பின், புதிய வட்டு வருவதற்கு ஊற்றே இல்லை. ஒரு பெட்டியை நிறைக்க வேண்டுமானால் இன்னொரு பெட்டியைக் குறைத்தாக வேண்டும். குறையுள்ள தொகுப்புகளை வாங்கிப் பிரித்து ஒன்றாக்கும் வழக்கம் சேகரிப்பாளரிடையே இருப்பது இதனால்தான். அப்போதும் உலகிலுள்ள முழுமையான படிகளின் எண்ணிக்கை, தொடக்கத்தில் இருந்ததைவிடக் கூடுவதில்லை.

வட்டு பெட்டியிலேயே இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும் நிலையும் உண்டு. 2006 முதல் 2008 வரை தயாரிக்கப்பட்ட டிவிடிகள் சிலவற்றில் குறைபாடு இருக்கக்கூடும் என்பதை 2025-இல் வார்னர் நிறுவனத்தின் வீட்டுவெளியீட்டுப் பிரிவு ஏற்றுக்கொண்டது. இயன்றவிடத்து அதே படம் மாற்றித் தரப்பட்டதாகவும், அச்சில் இல்லாதவற்றிற்கும் உரிமைக்காலம் முடிந்தவற்றிற்கும் ஒத்த மதிப்புள்ள வேறு படம் தர முன்வந்ததாகவும் அது தெரிவித்தது. வணிக முறையில் இது குறைகூற இயலாத ஏற்பாடு. பணத்தையே திருப்பித் தராத நிறுவனங்களும் உண்டு. ஆனால் 'ஒத்த மதிப்பு' என்னும் தொடர், 1926-ஆம் ஆண்டு நடுத்தாளில் இருந்த கட்டங்களின் அதே கணக்கையே பேசுகிறது. ஒரு தட்டுக்கு இன்னொரு தட்டு ஈடு என்பது அச்சகம் ஓடிக்கொண்டிருக்கும்வரை மட்டுமே மெய். மறுஅச்சில்லாத படத்திற்கு வேறொரு படத்தைத் தருவது ஈடு கட்டுதல் ஆகலாம், இணை ஆகாது.

பட்டியலில் வட்டின் இடம்

கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்களுக்கு இது தொலைவான செய்தியன்று. பெட்டித் தொகுப்பு ஒன்று நூலகத்திற்கு வரும்போது அதற்கு ஒரே பதிவெண் வழங்கினால், பெட்டி அலமாரியில் இருக்கும்வரை பட்டியல் அதனை 'உள்ளது' என்றே காட்டும். வட்டுகளின் மொத்த எண்ணிக்கை குறிப்புப் பகுதியில் ஒரு வரியாக இருந்தாலும், எந்த வட்டில் எந்தப் படைப்பு என்பது பதிவாகாதவரை, இரண்டாம் வட்டு திரும்பாமற்போனதன் பொருள் எவருக்கும் தெரியாது. வைட்டாஃபோன் திட்டத்தினர் தட்டுக்குத் தட்டு எண்ணிட்டதுபோல், வட்டுக்கு வட்டு தனிப்பதிவு செய்வதற்கு ஆகும் உழைப்பு பெரிதன்று. ஒரு தொகுப்பிற்குச் சில வரிகள். இருப்புச் சரிபார்ப்பின்போது பெட்டியைத் திறந்து பார்ப்பது என்னும் பழக்கமும் உடன் வேண்டும்.

2007-ஆம் ஆண்டுத் தொகுப்பின் முதல் வட்டை மட்டும் கொண்ட பெட்டி ஒன்றை ஆய்வு மாணவர் இரவல் பெறுவதாகக் கொள்வோம். ஜால்சன் அவருக்குக் கிடைப்பார். ஹட்சின்சனின் விளக்கவுரையும் கிடைக்கும். அதே ஆண்டுகளில் வைட்டாஃபோன் ஒலிவாங்கியின் முன் நின்று பாடிய, ஆடிய, நகைச்சுவை பேசிய மேடைக் கலைஞர்கள் எவரும் கிடைக்கமாட்டார்கள். பட்டியலிலோ அத்தொகுப்பு முழுமையாகவே இருக்கும்.